தம்பி இல்லாத கலசம்

அரண்மனை வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் ஒரு சிறிய வெண்கலக் கலசம். அதற்குள் இருப்பது அவளுடைய தம்பியின் சாம்பல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு அழுகிறாள். "ஒளியாய் உன்னை அனுப்பிவைத்தேன், ஒன்றுமே இல்லாமல் திரும்பி வந்திருக்கிறாய்" என்கிறாள். கலசத்தைக் கொண்டுவந்த இளைஞன் இரண்டடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன்தான் அந்தத் தம்பி.

பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'எலெக்ட்ரா' நாடகத்தில் வரும் காட்சி இது. பழிவாங்கும் கதை என்றுதான் இந்த நாடகத்தை எங்கும் அறிமுகப்படுத்துவார்கள். அது சரிதான். தகப்பனைக் கொன்ற தாயையும் அவளுடைய துணைவனையும் மகன் வந்து கொல்கிறான். ஆனால் 1510 வரிகள் கொண்ட நாடகத்தில் கொலைகளுக்குக் கடைசி நூற்றுச் சொச்சம் வரிகளே போதுமானதாக இருக்கின்றன. மீதி நேரத்தில் பெரும்பகுதி மேடையில் இருப்பவள் எலெக்ட்ரா. எதிரியை வீழ்த்தத் தயாரித்த ஒரு பொய், எதிரியிடம் போய்ச் சேரும் வழியில் தனக்கு மிகவும் வேண்டியவளை என்ன செய்துவிடுகிறது என்பதைத்தான் சோபோக்ளிஸ் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அப்படித்தான் படுகிறது.

கதையின் வேர் இரண்டு தலைமுறைக்கு முன்னால் இருக்கிறது. அத்ரியஸ், தையெஸ்டீஸ் என்ற அண்ணன் தம்பிக்குள் பகை. சமாதானம் பேசுவதுபோல் விருந்துக்கு அழைத்த அத்ரியஸ், தம்பியின் பிள்ளைகளையே கொன்று சமைத்து அவனுக்குப் பரிமாறினான். அத்ரியஸின் மகன் அகமெம்னான். தையெஸ்டீஸின் மகன் ஈஜிஸ்தஸ். அகமெம்னான் ட்ராய் போருக்குப் புறப்பட்டபோது ஆலிஸ் துறைமுகத்தில் காற்று சாதகமாக இல்லாமல் கப்பல்கள் முடங்கின. ஆர்ட்டெமிஸ் தேவியின் கோபம் தணிய மூத்த மகள் இபிஜீனியாவைப் பலி கொடுத்துவிட்டுப் போனான். பத்தாண்டுப் போரில் வென்று திரும்பிய அவனை மனைவி கிளைடெம்னெஸ்ட்ராவும் ஈஜிஸ்தஸும் சேர்ந்து வெட்டிக் கொன்றார்கள். மகளுக்காகப் பழிவாங்கினேன் என்பது அவள் கட்சி. ஈஜிஸ்தஸுக்குத் தன் உடன்பிறந்தவர்களுக்காகத் தீர்க்க வேண்டிய கணக்கு இருந்தது. ஆக, இந்த வீட்டில் யாரைக் கேட்டாலும் குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்பார்கள். அவரவர் குடும்பம் என்று யாரை எண்ணிக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கொலை நடந்தபோது சிறுவனாக இருந்த ஒரெஸ்டீஸை ஒரு பழைய ஊழியனின் கையில் ஒப்படைத்து ஃபோசிஸ் நாட்டுக்குத் தப்ப வைத்தவள் அக்கா எலெக்ட்ரா. அவன் வளர்ந்து ஆளாகித் திரும்பி வருவான் என்ற ஒரே எண்ணத்தில் அவள் அந்த வீட்டிலேயே கிடக்கிறாள். கல்யாணம் இல்லை, நல்ல துணி இல்லை, வேலைக்காரியைப்போல நடத்துகிறார்கள். அழுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சிய ஆயுதம் அந்த ஒப்பாரிதான். கொன்றவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே சத்தம் போட்டு அழுகிறாள். இவள் நிறுத்தாவிட்டால் சூரிய வெளிச்சம் படாத இடத்தில் அடைத்துவிடுவது என்று ஈஜிஸ்தஸ் முடிவு செய்திருக்கிறான்.

இதே கதையை ஏதென்ஸின் மூன்று பெரிய நாடகாசிரியர்களும் எழுதினார்கள், மூன்றும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிரேக்க நாடகத்தில் இப்படி ஒரு பேறு வேறு எந்தக் கதைக்கும் வாய்க்கவில்லை. ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் 'ஒரெஸ்டீயா' என்ற முத்தொடரின் நடு நாடகமாக இதை மேடையேற்றி முதல் பரிசு பெற்றார். சோபோக்ளிஸ், யூரிப்பிடீஸ் இருவரின் 'எலெக்ட்ரா'வும் பல பத்தாண்டுகள் கழித்து வந்தவை. அவற்றில் எது முந்தியது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஈஸ்கிலஸின் ஒரெஸ்டீஸ் தாயின் முன் வாளோடு நிற்கும்போது தயங்குகிறான். "பைலடீஸ், நான் என்ன செய்வது?" என்று நண்பனைக் கேட்கிறான். அதுவரை வாயே திறக்காத பைலடீஸ் மூன்றே வரிகள் பேசுகிறான், பழிவாங்கச் சொன்ன அப்போலோ தெய்வத்தின் வாக்கை மறந்துவிட்டாயா என்று. அதற்குப் பிறகுதான் வாள் இறங்குகிறது. கொன்ற கையோடு, தாயின் இரத்தத்துக்குப் பழி கேட்கும் தேவதைகள் அவனைத் துரத்தத் தொடங்குகிறார்கள். வழக்கு கடைசியில் ஏதென்ஸின் நீதிமன்றத்துக்குப் போகிறது. யூரிப்பிடீஸின் நாடகத்திலோ கொலை முடிந்ததும் அக்காவும் தம்பியும் செய்ததை நினைத்து உடைந்துபோகிறார்கள்.

சோபோக்ளிஸ் இரண்டையும் தவிர்த்துவிட்டார். அவருடைய ஒரெஸ்டீஸ் தயங்குவதில்லை, துரத்த யாரும் வருவதுமில்லை. பைலடீஸ் கூடவே நிற்கிறான், ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. இதனால் சோபோக்ளிஸ் தாய்க்கொலையைச் சரியென்று ஒப்புக்கொண்டார் என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அது அவசர முடிவு என்பது என் எண்ணம். ஈஸ்கிலஸ் தேவதைகளின் கையில் கொடுத்த வேலையைச் சோபோக்ளிஸ் வேறிடத்தில் வைத்திருக்கிறார். அது எங்கே என்று பார்க்கக் கொலையில் தொடங்கிப் பயனில்லை, பொய்யிலிருந்து வர வேண்டும்.

பொழுது விடிகிறது. மைசீனி அரண்மனைக்கு முன்னால் ஒரெஸ்டீஸ், பைலடீஸ், அந்தப் பழைய ஊழியன் மூவரும் நிற்கிறார்கள். டெல்ஃபியில் அப்போலோ சொன்ன வாக்கை ஒரெஸ்டீஸ் எடுத்துரைக்கிறான்: படையோடு போகாதே, சூழ்ச்சியால் முடி. அதன்படி ஊழியன் முதலில் உள்ளே போய், தேர்ப் பந்தயத்தில் ஒரெஸ்டீஸ் செத்துவிட்டான் என்று சொல்ல வேண்டும். பிறகு இவர்கள் கலசத்தோடு போவார்கள். உயிரோடு இருப்பவனைச் செத்தவன் என்று சொல்வது அபசகுனம் ஆகாதா? அந்தக் கூச்சம் ஒரு கணம் அவனைத் தொடுகிறது. உடனே தட்டிவிட்டுவிடுகிறான்: "சொல்லில் செத்துச் செயலில் பிழைத்துப் புகழ் பெறுவேன் என்றால் எனக்கென்ன நஷ்டம்? ஆதாயம் தரும் எந்தச் சொல்லும் கெட்ட சொல் இல்லை."

அவன் பேச்சு முழுக்க ஒரு வியாபாரியின் தெளிவு இருக்கிறது. அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் ஓலம் கேட்கிறது. எலெக்ட்ராவாக இருக்குமோ, நின்று கேட்கலாமா என்கிறான் ஒரெஸ்டீஸ். வேண்டாம், முதலில் அப்போலோ சொன்னதைச் செய்வோம் என்கிறான் கிழவன். போய்விடுகிறார்கள். அவர்கள் நகர்ந்ததும் அவள் வெளியே வருகிறாள். அந்த இடத்தில் இன்னும் நாலு நிமிடம் நின்றிருந்தால் அவளுக்கு அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். அக்காவைப் பற்றி அவர்களுடைய திட்டத்தில் எதுவுமே இல்லை. அவளை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. யாரும் நினைக்கவில்லை என்பதுதான் அவளுக்கு நேர்ந்தது.

பொய் வந்து சேரும் நேரத்தைச் சோபோக்ளிஸ் எவ்வளவு கச்சிதமாகக் குறித்திருக்கிறார் என்று பாருங்கள். முந்தின இரவு கிளைடெம்னெஸ்ட்ரா ஒரு கனவு கண்டிருக்கிறாள். செத்த கணவன் எழுந்து வந்து தன் செங்கோலை அடுப்பங்கரையில் ஊன்ற, அது தளிர்விட்டு மைசீனி முழுக்க நிழல் பரப்புகிறது. பயந்துபோனவள் அப்போலோவுக்குப் படையல் வைத்து வேண்டுகிறாள். மகள் பக்கத்திலேயே நிற்பதால் மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லாததையும் தெய்வமான நீ அறிவாய் என்று முடிக்கிறாள். அந்த நொடியில் கிழவன் நுழைந்து, உன் மகன் இறந்துவிட்டான் என்கிறான். வேண்டுதல் பலித்ததுபோலவே இருக்கிறது. அவளைக் கொல்லச் சொன்ன அதே அப்போலோதான் இந்தப் பதிலையும் அனுப்பியிருக்கிறான்.

அடுத்து வரும் தேர்ப் பந்தய வருணனை சுமார் எண்பது வரிகள். பத்துத் தேர்கள். சக்கரம் கல்லை உரசும் அளவுக்குத் திருப்பத் தூணை ஒட்டி வளைக்கிறான் ஒரெஸ்டீஸ். இடப்பக்கக் குதிரையை இழுத்துப் பிடித்து வலப்பக்கக் குதிரைக்குக் கடிவாளத்தைத் தளர்த்துகிறான். ஒரு தேரின் குதிரைகள் கட்டுமீறி இன்னொரு தேரில் மோத, களமெங்கும் உடைந்த தேர்களாகக் கிடக்கின்றன. ஏதென்ஸ்காரன் மட்டும் சாமர்த்தியமாக ஒதுங்கிக்கொள்கிறான். கடைசியில் இரண்டு பேர்தான் மிச்சம். அதுவரை பிசகாத ஒரெஸ்டீஸ், திரும்பும்போது இடக் கடிவாளத்தை ஒரு கணம் முன்னதாகத் தளர்த்திவிடுகிறான். தூணில் இடித்து அச்சு முறிகிறது. வாரில் சிக்கி இழுபடுகிறான். கூட்டம் அலறுகிறது. எடுத்துப் பார்த்தபோது சொந்தக்காரர்களுக்கே அடையாளம் தெரியாத உடம்பு.

இதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை. பார்வையாளர்களுக்கு அது முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். இந்தப் பந்தயம் நடந்ததாகச் சொல்லப்படும் டெல்ஃபியின் பித்தியன் விளையாட்டுகளை இந்தக் கதைக்குள் கொண்டுவந்தது பொருந்தவில்லை என்று அரிஸ்டாட்டில் தன் கவிதையியலில் குறை சொல்லியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் பொய்யை இவ்வளவு அழகாகச் செய்ததில் ஒரு காரணம் இருப்பதாக நினைக்கிறேன். கிழவன் அந்தப் பொய்யை அரசிக்காகச் சொல்கிறான். பக்கத்தில் எலெக்ட்ரா நிற்கிறாள். சக்கரம், அச்சு, கடிவாளம் என்று அடுக்க அடுக்க, ஒவ்வொரு விவரமும் அவள்மேல் போய் விழுகிறது. அவள் இடையில் பேசுவதில்லை. முகமூடி அணிந்த நடிகர் அந்த எண்பது வரிகளுக்கும் என்ன செய்துகொண்டு நின்றிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

கேட்டு முடித்த கிளைடெம்னெஸ்ட்ரா உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. இதை நல்லது என்பதா, கொடுமை என்பதா, கொடுமையானாலும் ஆதாயம் என்பதா என்று தடுமாறுகிறாள். "பிள்ளை பெறுவது விசித்திரமானது. எவ்வளவு கெடுதல் செய்தாலும் பெற்றதை வெறுக்க முடிவதில்லை" என்கிறாள். பெற்ற மனம் பித்து என்று நாம் சொல்வதுதான். அது நாலைந்து வரிகள்தான் நீடிக்கிறது. பிறகு நிம்மதி வந்து மூடிக்கொள்கிறது. அந்த நாலைந்து வரிகளைச் சோபோக்ளிஸ் எழுதாமல் விட்டிருந்தால் பின்னால் நடப்பது நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் தங்கை கிரைசோதெமிஸ் ஓடி வருகிறாள். அவள் அக்காவைப்போல எதிர்த்து நிற்பவள் அல்ல. வலிமையானவர்களிடம் பணிந்துபோவதே வழி என்று வாழ்பவள். தகப்பனின் சமாதியில் புதிதாக ஊற்றிய பாலையும் பூக்களையும் வெட்டி வைத்த தலைமுடிக் கற்றையையும் பார்த்திருக்கிறாள். ஒரெஸ்டீஸ் வந்துவிட்டான் என்கிறாள் பூரிப்போடு. அவள் சொல்வது உண்மை. கண்ணால் கண்ட சாட்சியம். எலெக்ட்ரா பாவம் பார்த்து அவளைத் திருத்துகிறாள்: அவன் செத்துவிட்டான் தங்கையே, கூட இருந்து பார்த்தவர் சொன்னார். நன்றாகச் சொல்லப்பட்ட பொய்க்கு முன்னால் உண்மை தலைகுனிந்து வாயை மூடிக்கொள்கிறது. தம்பி இல்லையென்றால் நாமே ஈஜிஸ்தஸைக் கொல்வோம் என்கிறாள் எலெக்ட்ரா. தங்கை மறுக்கிறாள். அதோடு எலெக்ட்ரா முழுத் தனியாகிறாள்.

அப்போதுதான் கலசம் வருகிறது. நெருங்கிய ஒருவரின் அஸ்தியைக் கையில் வாங்கியவர்களுக்கு அந்தக் கணம் தெரியும். இவ்வளவு சின்னதாகவா என்றுதான் முதலில் தோன்றும். எலெக்ட்ராவும் அதையேதான் சொல்கிறாள்: சின்னக் கலத்தில் சின்னச் சுமையாக வந்திருக்கிறாய். நீ அம்மாவின் செல்லமாக இருந்ததைவிட என் செல்லமாக இருந்தாய், உன்னை வளர்த்தது வேலைக்காரர்கள் இல்லை, நான், என்னைத்தான் அக்கா என்று அழைத்தாய் என்கிறாள். கடைசியில், "உன்னுடைய இந்தக் கூட்டுக்குள் என்னையும் சேர்த்துக்கொள், இல்லாததோடு இல்லாததாக" என்கிறாள். நாற்பத்தைந்து வரி ஒப்பாரி. தம்பி கேட்டுக்கொண்டே நிற்கிறான். திட்டப்படி வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் முடியவில்லை, நாக்கு கட்டுக்கு அடங்கவில்லை என்கிறான். அதையும் நேராகச் சொல்லத் தெரியாமல், முதலில் கலசத்தைக் கீழே வை என்கிறான். அவள் கொடுக்க மறுக்கிறாள். உயிரோடு நிற்கும் தம்பி, செத்த தம்பியை அக்காவின் கையிலிருந்து பிடுங்கப் போராட வேண்டியிருக்கிறது. தகப்பனின் முத்திரை மோதிரத்தைக் காட்டிய பிறகே நம்புகிறாள்.

இந்தக் காட்சியைப் பற்றி ஒரு பழைய செய்தி உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் போலஸ் என்று ஏதென்ஸில் பேர்பெற்ற ஒரு நடிகர் இருந்தார். பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்ற காலம் அது. அவருடைய அருமை மகன் இறந்துபோனான். துக்கம் கழித்து மேடைக்குத் திரும்பியபோது அவருக்கு வந்த வேடம் எலெக்ட்ரா. கலசக் காட்சிக்கு அவர் தன் மகனின் அஸ்திக் கலசத்தைச் சமாதியிலிருந்து எடுத்துவந்து கட்டிக்கொண்டு அழுதார். ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இதைக் குறித்து வைத்திருக்கிறார். நடிப்பு என்ற பெயரில் அன்று அரங்கில் ஓடியது உண்மையான துக்கம் என்கிறார். நாடகத்தில் நடப்பதும் அதுவேதான். கலசம் பொய், அழுகை மெய்.

அந்த அழுகைதான் சோபோக்ளிஸ் வைக்கும் விசாரணை என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு இடமும் இருக்கிறது, இதற்கு முன்னால். தாயும் மகளும் நேருக்கு நேர் வழக்காடும் காட்சி. என் மகளைக் கொன்றவனைக் கொன்றேன் என்கிறாள் தாய். உயிருக்கு உயிர் என்று சட்டம் போடாதே, அந்தச் சட்டப்படி முதலில் சாக வேண்டியவள் நீதான் என்கிறாள் மகள். வாதத்தில் மகள் வென்றுவிட்டாள். ஆனால் அதே சட்டப்படி தாயைக் கொல்பவனின் கதி என்ன? அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை, நாடகத்தில் எவரும் கேட்கவில்லை. எலெக்ட்ராவுக்கு ஒன்று மட்டும் தெரிகிறது. நான் நடந்துகொள்ளும் விதத்துக்காக வெட்கப்படுகிறேன், இழிவைப் பார்த்துத்தான் இழிவைக் கற்கிறோம் என்று தாயின் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். தன்னை வருத்தியவளின் சாயலில்தான் தான் வார்க்கப்பட்டிருக்கிறோம் என்று அறிந்தே பேசுகிறாள்.

1992-இல் டெபோரா வார்னர் இயக்கத்தில் ஃபியோனா ஷா எலெக்ட்ராவாக நடித்த தயாரிப்பு வட அயர்லாந்தின் டெர்ரி நகருக்குப் போனது. பழிக்குப் பழியாகக் கொலைகள் விழுந்துகொண்டிருந்த காலம். நாடகம் முடிந்ததும் மக்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஊருக்கு இது பழங்கதையாக இருந்திருக்க முடியாது.

கொலை உள்ளே நடக்கிறது. கதவருகே எலெக்ட்ரா. உள்ளே என்ன நடக்கிறது என்று கோரஸாக, அதாவது பாடற்குழுவாக, வரும் மைசீனிப் பெண்கள் கேட்க, அவள் சொல்லும் விவரத்தைப் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அரசி கலசத்தை அடக்கத்துக்காக அலங்கரித்துக்கொண்டிருக்கிறாள், அவர்கள் இருவரும் பக்கத்தில் நிற்கிறார்கள் என்கிறாள். மகன் செத்ததில் நிம்மதி கண்டவள்தான். ஆனாலும் அவனுடைய கடைசிக் காரியத்தைத் தன் கையால் செய்ய உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கலசம் இரண்டு பெண்களின் கைகளில் இருந்தது, இருவரும் அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அந்த நேரத்தில் வாள் இறங்குகிறது. "மகனே, மகனே, பெற்றவள்மேல் இரக்கம் வை" என்ற அலறல் கேட்கிறது. நீ அவன்மேல் இரக்கம் வைத்தாயா, அவனைப் பெற்றவன்மேல் வைத்தாயா என்று வெளியிலிருந்து கத்துகிறாள் மகள். வெட்டு விழுந்த ஓலம் வருகிறது. "வலு இருந்தால் இன்னொரு முறை வெட்டு" என்கிறாள்.

தம்பியின் சாம்பலென்று கட்டிக்கொண்டு அழுத அதே வாய் இதைச் சொல்கிறது. இரண்டும் ஒரே பாசத்திலிருந்து வருகின்றன. எனக்கு உடம்பு நடுங்குவது வெட்டைக் கேட்டு அல்ல, இதை நினைத்துத்தான்.

பிறகு ஈஜிஸ்தஸ் வருகிறான், ஒரெஸ்டீஸ் செத்த செய்தி கேட்டுப் பூரித்துப்போய். துணி மூடிய உடல் ஒன்று முன்னால் வைக்கப்படுகிறது. துணியை எடு என்கிறான். நீயே எடு என்கிறான் ஒரெஸ்டீஸ். கிளைடெம்னெஸ்ட்ராவைக் கூப்பிடுங்கள் என்கிறான். உன் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று பதில் வருகிறது. துணியை விலக்குகிறான்.

மற்ற இரு நாடகாசிரியர்களும் ஈஜிஸ்தஸை முதலில் கொன்று தாயைக் கடைசிக்கு வைத்தார்கள். சோபோக்ளிஸ் வரிசையை மாற்றிவிட்டார். அதனால் தாயைக் கொன்றதைப் பற்றி நின்று யோசிக்க நாடகத்தில் யாருக்கும் நேரமில்லை. என் தந்தையைக் கொன்ற அதே இடத்தில் உன்னைக் கொல்வேன் என்று அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போகிறான் ஒரெஸ்டீஸ். இந்த வீடு நடந்த கேடுகளோடு இனி வரப்போகும் கேடுகளையும் பார்த்தே தீர வேண்டுமா என்று கேட்கிறான் சாகப்போகிறவன். இனி வரப்போவதா? ஒரெஸ்டீஸ் அதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. விடுதலை கிடைத்தது என்று கோரஸ் மூன்று வரிகள் பாட, நாடகம் முடிந்துவிடுகிறது. ஈஜிஸ்தஸ் அப்போது இன்னும் சாகவில்லை.

எலெக்ட்ரா கடைசியாகப் பேசியது அதற்குக் கொஞ்சம் முன்னால். அவனைப் பேசவிடாதே, உடனே கொல், உடலை நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எறி, என் பழைய துன்பங்களுக்கு அது ஒன்றுதான் விடுதலை என்றாள். அதன் பிறகு அவளுக்கு வரிகளே இல்லை. கிரேக்க மூலங்களில் மேடைக் குறிப்புகள் கிடையாது. எல்லோரும் உள்ளே போன பிறகு அவளும் அந்த வீட்டுக்குள் நுழைகிறாளா, வாசலிலேயே நிற்கிறாளா என்பதை ஒவ்வொரு இயக்குநரும் தானாகத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.